‘ஒன்றுமில்லை’ என்ற விடை

தரணி திருப்பதியில் கணிதம் படித்தவள். ஹைதராபாத்தில் மென்பொருள் வேலைக்குப் போன இரண்டாம் வருடம், சித்தூர்ப் பக்கத்து மாம்பழக்கூழ் ஆலைக்கு, குளிரூட்டும் குழாய்களின் அமோனியாக் கசிவை எச்சரிக்கும் நிரலை எழுதினாள். அந்த ஆலையில்தான் அவள் அம்மா இந்திராணி பழம் நறுக்கினாள்.

கணிதத்தின் ஒரு பிரிவான கேட்டகரி தியரியில் தரணிக்குப் பிடித்தது மோனாட் என்ற அமைப்பு. ஒரு கணக்கீடு தன் விடையை உறையில் போட்டுத் தரும்; அடுத்தது அதைப் பிரித்து வேலையைத் தொடரும். நடுவில் ஓர் உறை வெறுமையாக வந்தால் மிச்சம் எதுவும் ஓடாது. ‘ஒன்றுமில்லை’ என்பது மட்டும் சத்தமில்லாமல் கடைசிவரை போய்ச் சேரும். நிரல் உடையாது. அந்த அழகில் மயங்கி, ஆலையில் வாயுவை அளக்கும் நான்கு சென்சார்களையும் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தாள்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் சாப்பிட எழுமுன் ஆலையின் பதிவுகளைப் பார்த்தாள். முந்தைய நாளிலிருந்து ஒவ்வொரு வரியிலும் ‘ஒன்றுமில்லை’. கசிவு இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு வரிகளை மறுபடி படித்தாள். கசிவு இல்லையென்றால் பூஜ்யம் அல்லவா வரவேண்டும்? முதல் சென்சார் செத்துவிட்டது. மற்ற மூன்றையும் நிரல் கேட்கவே இல்லை. வெற்று உறைக்கும் பச்சை விளக்குக் காட்டும்படி எழுதியது அவளேதான்.

ஆலையின் சூப்பர்வைசர் முரளிதரனைக் கூப்பிட்டாள்.

“இங்க எல்லாம் பச்சைதான் மேடம். ப்ராப்ளம் ஏமீ லேது, ஒண்ணுமில்ல.”

“அத நம்பாதீங்க சார். ஆளுங்கள வெளிய அனுப்புங்க.”

“சீசன்ல லைன நிறுத்த முடியுமா? மேனேஜர கேட்டு சொல்றேன்.”

உடனே அம்மாவை அழைத்தாள்.

“காலையிலேர்ந்து கண்ணு எரிஞ்சிக்கினே கீது. மாங்கா பாலு பட்டிருக்கும்னு சொன்னாங்க,” என்றாள் இந்திராணி.

“எல்லாரையும் இட்டுக்கினு வெளிய போம்மா. இப்பவே!”

“துன்ன உக்காந்துக்கினு கீறாங்கடி.”

“சோத்த உட்டுட்டு ஓடுங்கம்மா!”

எதிர்முனையில் இரும்பு வெடிக்கும் சத்தம். பெண்களின் அலறல். இணைப்பு அறுந்தது.

நாற்பது நிமிடம் கழித்து அம்மா கூப்பிட்டாள். குரல் கரகரத்தது. அவளோடு பழம் நறுக்கும் பத்தொன்பது பெண்களும் எதிர்த் தோப்பில் இருந்தார்கள்.

“ஃபிட்டர் கன்னையா வால்வு மூட உள்ள போனாருடி. வரல.”

தரணி எழுந்து தன் அலுவலக மேலாளரிடம் போய், “தப்பு என்னுது,” என்றாள். அதே நிரல் இன்னும் மூன்று ஆலைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றுக்கும் போன் செய்தாள். இரண்டில் எடுத்துப் பேசினார்கள், வேலையை நிறுத்தினார்கள். ஏர்பேட்டுக்கு அருகிலிருந்த மூன்றாவதில் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினாள்.