வாசல் வழியாக வருவார்

என் நாத்தனாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது அவரைக் கேட்காமல் கலர் எடுத்துவிட்டோமாம். "இனிமே என் வாசப்படிய மிதிக்காதே" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு சுவர். நான்கு மாதமாகப் பேச்சில்லை.

ஒரு மத்தியானம் நாத்தனார் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். இவர் சுவரேறிக் குதித்து மோட்டாரை நிறுத்தினார். சத்தம் கேட்டு எழுந்தவர், திருடன் என்று போலீசைக் கூப்பிட்டுவிட்டார். தம்பி என்று தெரிந்த பிறகாவது விட்டிருக்கலாம். வீம்புக்குப் புகாரில் கையெழுத்தும் போட்டார்.

"நான் வாசப்படிய மிதிக்கவே இல்லையே சார், சுவரேறித்தானே போனேன்" என்று இவர் ஸ்டேஷனில் நியாயம் பேசினார். இந்த அறிவை வைத்துக்கொண்டுதான் இவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார்.

அத்துமீறி நுழைந்ததாக வழக்கு. வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. "திருட்டு இல்ல, சேதம் இல்ல, முதல் கேஸ். குத்தத்த ஒத்துக்கிட்டா அபராதம் போட்டு எச்சரிச்சு அனுப்பிடுவாங்க. ஆனா அது பதிவுல நிக்கும். புகார் கொடுத்தவங்களே சமாதானம்னு கையெழுத்துப் போட்டா கேஸே இல்ல. முக்காவாசி இப்படித்தான் முடியும்."

பதிவில் நின்றால் பள்ளிக்கூடம் இவரிடம் வேன் சாவியைத் தராது. நாத்தனார் கையெழுத்தில்தான் எங்கள் பிழைப்பு இருந்தது. அவரோ கோர்ட்டில் கடைசி பெஞ்சில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எதிரி வந்தாச்சா?" என்றார் குமாஸ்தா.

நாத்தனார் விருட்டென்று எழுந்தார். "யாருங்க எதிரி? அவன் என் தம்பி."

"குத்தம் சாட்டப்பட்டவர அப்படித்தாம்மா சொல்றது."

"நீங்க சொல்லிக்குங்க. என் காதுபட வேணாம்."

நீதிபதி அம்மா குனிந்து சிரிப்பை மறைத்துக்கொண்டார். வக்கீல் சமாதான மனுவை நீட்டினார். நாத்தனார் வரி வரியாகப் படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதுல போட மாட்டேன். 'எதிரி இனி அந்த வீட்டுக்குள் நுழைய மாட்டார்'னு எழுதியிருக்கு. அவன் வராம நான் மட்டும் அந்த வீட்டுல என்ன பண்ணப்போறேன்?"

நான்கு மாதமாக அவரைத் திட்டித் தீர்த்தவள் நான். எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"சரி, எப்படி எழுதணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார் நீதிபதி அம்மா.

"இனிமே வாசல் வழியா வருவான்னு எழுதுங்க. சுவரேறிக் கால ஒடச்சிக்கிட்டா யாரு பாக்கறது?"

அப்படியே எழுதினார்கள். எதிரி என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'தம்பி' என்று போட்ட பிறகுதான் நாத்தனார் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார். "அப்போ வாசப்படிய மிதிக்கலாமாக்கா?"

"மிதிச்சுத் தொலை. அந்த மோட்டார் இன்னைக்கும் தானா நிக்க மாட்டேங்குது" என்றவர், ரோட்டைக் கடக்கும்வரை தம்பியின் சட்டைக் கையை விடவில்லை.