கசாப்புக்கடைச் சுவருக்கு ஒரு பலகை

எங்கள் ஸ்கார்த்விக் ஊரில் ஜோசையா பெல்தோர்ப்பின் நாவலைப் படிக்காத குடும்பம் ஒன்றே ஒன்றுதான். அதில் போய் நான் வீட்டோடு மாப்பிள்ளையாக மாட்டிக்கொண்டேன். அந்த எழுத்தாளர் என் மனைவி வினிஃப்ரெடின் எள்ளுத்தாத்தாவை, கசாப்புக்கடை ஹாக்ஸ்வர்த்தை, பேரைக்கூட மாற்றாமல் கதையில் இழுத்துக் கேலி பண்ணிவிட்டாராம். அன்றிலிருந்து அந்தப் புத்தகம் எங்கள் வாசற்படி ஏறியதில்லை. எழுதியவர் செத்து நூற்றைம்பது வருஷமாச்சு. இவர்கள் கோபம் மட்டும் சாகவில்லை.

போன மாசம் ஊர்மன்றம், 'நாவலில் வரும் கசாப்புக்கடை இதுவே' என்று எங்கள் சுவரில் பலகை மாட்டப்போவதாகச் சொன்னது. அவ்வளவுதான், கடையில் கறி வெட்டிக்கொண்டிருந்த வினிஃப்ரெட் கத்தியும் கையுமாக ஆடினாள்.

"எங்க வம்சத்து மானத்தைச் சுவத்துல மாட்டுவானுங்களாம்! எங்கப்பா உயிரோட இருந்திருந்தா தாங்கியிருப்பாரா? மன்றக் கூட்டத்துல அந்தக் கண்றாவியைச் சத்தமா படிக்கிறேன், ஆல்வின். கேட்டுட்டு ஊரே வெக்கப்படட்டும்!"

"முதல்ல நீ படிச்சுப் பாரேன்."

"அந்தக் கருமத்தை ரெண்டு தடவை வேற படிக்கணுமா?"

கூட்டத்தன்று, நூலகத்தில் வாங்கிய புத்தகத்தைப் பிரித்துத் தொண்டையைச் செருமினாள்.

"'ஹாக்ஸ்வர்த் கறியை வெட்டுவார், காகிதத்தில் சுற்றுவார், நீட்டுவார், விட மட்டும் மாட்டார். ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, அடுப்பில் தீய விட்டுவிட மாட்டீர்களே என்று கெஞ்சுவார்.'"

ரொட்டிக்கடை எனிட் களுக்கென்று சிரித்தாள். "நேத்து என்கிட்ட நீயும் இதையேதான கேட்டே!"

"வாயை மூடுடி!" என்று சீறிவிட்டு மேலே படித்தாள். "'கறி வாங்க வந்த ஒரு விதவை கால் மணி நேரம் மறுநுனியை இழுத்துப் பார்த்தாள். கறியை வீட்டுக்குக் கொண்டுபோக வேறு வழி தெரியாமல் கடைசியில் அவரையே கட்டிக்கொண்டாள்.'"

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது. ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது என்று தெரிந்தும் என்னால் அடக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வினிஃப்ரெடே குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். நடுவில் அதுவே அழுகையாகிவிட்டது.

"ஐயோ, அப்படியே எங்கப்பா! சாகுற வரைக்கும் இப்படித்தானே கறியைப் புடிச்சுத் தொங்கினாரு. படிச்சிருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பாரே. பாவி மனுசன், படிக்காமலே போய்ட்டாரே."

மன்றத் தலைவர் லம்லி பயந்து பயந்துதான் கேட்டார். "அப்போ... பலகைக்கு ஆட்சேபணை இல்லைதானேம்மா?"

மூக்கைச் சிந்திக்கொண்டே முறைத்தாள்.

"ஏன் இல்ல? ரொம்பச் சின்னப் பலகை. புத்தகத்துல இந்தப் பக்கம் பூரா எழுதுற அளவுக்குப் பெருசா அடிச்சு மாட்டுங்கய்யா."