நேற்றுப் போட்ட சாக்ஸ்

மகளின் புகுந்த வீட்டுக்கு முதல் பயணம். "புது சாக்ஸ் எடுத்து வச்சிருக்கேன், அதைப் போடுங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவரோ அவசரத்தில் நேற்றுப் போட்டதையே மாட்டிக்கொண்டார். காலை யார் முகர்ந்து பார்க்கப் போகிறார்கள் என்பது அவருடைய கணக்கு.

விமானம் மேலேறியதும் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டினார். கணக்கு தப்பியது. ஈரத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டு மறந்துபோனால் வருமே, அப்படி ஒரு நாற்றம்.

மனைவி மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, ஷூவைக் கழட்டினீங்களா?"

"சேச்சே!"

சொல்லி வாய் மூடுமுன் கால்கள் ஷூவுக்குள் புகுந்துவிட்டன. நாற்றம் போகவில்லை. முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அவர் மேகத்தை ரசிப்பவர்போல் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். குழந்தை இருமியது. பாழாய்ப்போன காலே என்று தன் காலையே மனதுக்குள் திட்டினார்.

இருப்புக்கொள்ளாமல் எழுந்து கழிவறைக்குப் போய்த் தாழிட்டார். சாக்ஸைக் கழற்றிக் குப்பைத் தொட்டிக்குள் திணித்தார். வாஷ்பேசினில் ஒரு காலைத் தூக்கி வைத்து சோப்புப் போட்டுக் கழுவினார். அந்த வயதில், அந்தத் தொப்பையோடு, ஆகாயத்தில், ஒற்றைக் காலில்! மற்றக் காலையும் கழுவி நிமிர்ந்தபோது தலை சுற்றியது, தொண்டை எரிந்தது. நாற்றமோ இன்னும் கூடியிருந்தது. மூக்கால் தேடிக்கொண்டே போனார். மேலே காற்று வரும் துளைக்கருகே போனதும் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது.

அப்போதே பணிப்பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். 'உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?' என்று கேட்டுவிட்டால்? வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தார்.

இதற்குள் குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் தாயின் தோளில் துவண்டு கிடந்தது. "தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க" என்றாள் மனைவி.

அதற்குமேல் அவருக்குப் பொறுக்கவில்லை. பட்டனை அழுத்தினார். பணிப்பெண் வந்தாள்.

"ஏம்மா, இந்த நாத்தம் என் சாக்ஸ்னுதான் நெனச்சேன். கழட்டிக் குப்பையில போட்டேன், காலையும் கழுவிட்டேன். அப்பவும் வருது. காத்து வர்ற ஓட்டையிலேருந்துதான் வருதும்மா."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். சுற்றியிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பணிப்பெண் சிரிக்கவில்லை.

"அழுக்கு சாக்ஸ் மாதிரியே இருக்கா சார்?"

"அச்சு அசல்."

அவள் தலைக்கு மேலிருந்த துளையை முகர்ந்தாள். முகம் மாறியது. விடுவிடுவென்று போய் விமானியுடன் பேசினாள். சற்று நேரத்தில், உள்ளே வரும் காற்றில் கோளாறு, அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்குகிறோம் என்று அறிவிப்பு வந்தது. சிரித்தவர்கள் அவசர அவசரமாக பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள்.

தரையிறங்கியதும் ஆம்புலன்ஸ்கள் வந்தன. ஆக்சிஜன் வைத்த சற்று நேரத்துக்கெல்லாம் குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் போன உயிர் திரும்பியது.

"இன்ஜின் எண்ணெய் கசிஞ்சு காத்தோட கலந்திருக்கும்போல சார்" என்றாள் பணிப்பெண். "அந்த வாடை சில சமயம் சாக்ஸ் மாதிரியே இருக்கும். நல்லவேளை, நீங்க உடனே சொன்னீங்க."

அந்த 'உடனே' சுருக்கென்று தைத்தது.

குழந்தையின் தாய் அருகில் வந்தாள். "உங்களாலதாண்ணா தப்பிச்சோம்."

"இல்லம்மா. கழிவறையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வெக்கப்பட்டுக்கிட்டு வாயை மூடிட்டு வந்து உக்காந்துட்டேன்."

அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். "அப்புறம் சொன்னீங்கல்ல" என்றாள். அவர் மனம் அதை அவ்வளவு எளிதில் ஏற்கவில்லை.

மாலையில் வேறு விமானம் தருவதாகச் சொன்னார்கள். மனைவி அவர் தோளில் சாய்ந்திருந்தாள்.

"என்னங்க, பஸ் இருக்கான்னு கேளுங்களேன். உங்களுக்கு பயமா இல்லையா?"

"இல்லாம என்ன? காலே நடுங்குது" என்றபடி விசாரிக்க எழுந்தார்.