பெர்மெத் சொன்ன பூஜ்யம்

1

இதை எழுதும் ஆசை எனக்கு இருந்ததில்லை. ஒரு சாவு விருந்தில் குதிரைக்கறித் தட்டு கைமாறும்போது ஒருவன் சொன்னான்: "ஜோல்தோஷ் வீட்டு மருமக ஆஸ்பத்திரியில வலி தாங்காம கத்தினாளாமே. டாக்டரம்மா மாமனாரையே வெளியே துரத்திட்டாளாம்."

ஜோல்தோஷ் என் அண்ணன். நாரின் பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டைப் பற்றி யாரும் இப்படிப் பேசியதில்லை. பேச்சை நிறுத்தத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பெர்மெத் மலைபோல் உறுதியானவள்." (அடித்துவிட்டேன். மலையின் கழுத்தை யாரும் அறுப்பதில்லை.)

இன்னொன்று: "எங்கள் குடும்பத்தில் வலி என்பது..." (இது கதையில்லை, மேடைப்பேச்சு.)

நடந்ததையே சொல்கிறேன். அண்ணன் மருமகள் பெர்மெத்தின் கழுத்தில் கழலை வளர்ந்து மூச்சை அடைத்தது. தைராய்டை வெட்டி எடுத்தார்கள். அவள் புருஷன் ரஷ்யாவில் கூலிவேலையில் இருந்தான். துணைக்கு அண்ணன்தான் போனார். கட்டிலருகே தொப்பியைக் கழற்றாமல், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

3

மயக்க மருந்து டாக்டர் ஜிபெக் வந்து கேட்டாள். "வலி எவ்வளவும்மா? ஒண்ணுமே இல்லைன்னா பூஜ்யம், உயிர் போறமாதிரி இருந்தா பத்து."

பெர்மெத் தலைத்துணியை இழுத்து விட்டுக்கொண்டாள். "பூஜ்யம்."

"எச்சில் முழுங்க முடியுதா?"

"முடியுது."

முடியவில்லை. வாயோரம் ஒரு துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல ரெண்டு பக்கமும் ஊசி போட்டா அங்க இருக்கிற நரம்பு மரத்துரும். காயத்து வலி குறையும், ராத்திரி தூங்கலாம். ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டேன், வேண்டாம்னுட்ட. இப்பவும் போடலாம். ஆனா வலியில்லைங்கறவளுக்கு நான் எப்படிப் போடறது?"

அண்ணன் பெருமையோடு சொன்னார்: "எங்க வீட்டுப் பொண்ணுங்க தாங்குவாங்க டாக்டர்."

பக்கத்துக் கட்டில் கிழவி, அவளும் கழுத்தில் கட்டுப் போட்டவள், கரகரத்தாள்: "நீங்க அங்க உக்காந்திருக்கிற வரைக்கும் அவ செத்தாலும் பூஜ்யம்னுதான் சொல்லுவா."

(கிழவியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். மரியாதை தெரியாதவள். ஆனால் அந்த வார்டில் அதைச் சொன்னது அவள் ஒருத்திதான்.)

மாமனார் பெயரைக்கூட மருமகள் உச்சரிக்க மாட்டாள். அவர் முன்னால் குரல் உயர்த்த மாட்டாள். அது எங்கள் மரியாதை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பூஜ்யம் அவள் வலியின் அளவு அல்ல. மாமனாருக்கு அவள் வைத்த வணக்கம். டாக்டர் அதை மருந்துக் கணக்காக எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

4

முடிவுகள் மூன்று எழுதினேன்.

டாக்டர் அண்ணனைத் துரத்துகிறாள். இது பொய். கிழித்துவிட்டேன்.

அண்ணன் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார், அவள் பூஜ்யம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். மானத்துக்கு ஒரு கீறலும் இல்லை. திரும்ப வாசித்தேன். ஒவ்வொரு வரியிலும் அவள் எச்சிலைத் துணியில் ஒற்றுகிறாள். என்னால் அதற்குமேல்...

மூன்றாவது, அண்ணன் என்னிடம் சொன்னபடி. ஜிபெக் தணிந்த குரலில் சொல்கிறாள்: "ஐயா, நானும் ஒரு வீட்டு மருமகதான்."

அண்ணன் அவளைப் பார்க்கிறார். பிறகு பெர்மெத்தின் கையிலிருந்த துணியை. எழுந்திருக்கிறார். "டீ குடிச்சிட்டு வரேன்மா. நீ டாக்டர்கிட்ட என்ன வேணாலும் சொல்லு. நான் கேக்க மாட்டேன்." கதவைத் தானே சாத்திக்கொண்டு போகிறார்.

விருந்தில் பேசியவன் இதைப் படிக்கட்டும். அவரை யாரும் துரத்தவில்லை. தானாக எழுந்தார்.

5

அண்ணன் எனக்குச் சொன்னது கதவுவரைதான். உள்ளே நடந்ததை அவர் கேட்கவில்லை. நானும் கேட்கப்போவதில்லை; நானும் அவளுக்கு மாமனார் முறைதான். நான் உள்ளே போனால் அவள் மறுபடி தலைத்துணியை இழுத்து விட்டுக்கொள்வாள்.

இதை வாசிக்கும் நீங்கள் எங்கள் வீட்டு ஆள் இல்லை. உள்ளே போங்கள். டாக்டர் இன்னொரு முறை கேட்கப்போகிறாள். பெர்மெத் என்ன எண் சொன்னாலும் வெளியே வந்து என்னிடம் சொல்லாதீர்கள்.