ரேலீனின் முழங்கால்

ரேலீனுக்குப் பொய் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முன்னால் உட்கார்ந்ததுமே கழற்றினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த க்ளெனிஸ், ஆரம்பித்துவிட்டாள் மகராணி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

நாத்தனாரைக் காரில் கொண்டுவந்து திரும்பக் கூட்டிப்போவதுதான் க்ளெனிஸுக்கு இட்ட வேலை. ரேலீனின் முழங்கால் மூட்டில் சவ்வு கிழிந்திருந்தது. சின்னத் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுச் சரிசெய்வார்கள். காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்த மாதக் கடைசியில் பண்டபெர்க் ஊர் மகளிர் பௌல்ஸ், அதாவது புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்தின், இறுதியாட்டம். அணிக்குத் தலைவி ரேலீன். தான் போய் நிற்காவிட்டால் மைதானத்துப் புல்லே கருகிவிடும் என்பது அவள் நினைப்பு. அவள் ஆடாவிட்டால் தலைவியாவது அடுத்த நிலையில் ஆடும் க்ளெனிஸ்தான்.

"சிகரெட் உண்டா கண்ணு?" என்றாள் நர்ஸ்.

"சீச்சீ!"

ரேலீனின் கைப்பையிலிருந்து வந்த நாற்றத்தில் க்ளெனிஸுக்கு மூக்கு எரிந்தது.

"சர்க்கரை?"

"டீக்குக்கூடப் போடமாட்டேன்."

கேட்டது டீயைப் பற்றியா? சர்க்கரை நோய்க்கு வேளை தவறாமல் மாத்திரை விழுங்குகிறவள் சொல்கிற பதிலைப் பார்!

"ஹார்மோன் மாத்திரை ஏதாவது?"

"வெறும் சத்து மாத்திரைதான்."

"நான் சும்மா கேக்கல, கண்ணு. ஆபரேஷனுக்கு அப்புறம் புண்ணு ஆறாமப் போறது, சீழ் பிடிக்கிறது எல்லாம் இதனாலதான் வரும். இது முக்கியமான கேள்வி. கால்ல எப்பவாச்சும் ரத்தம் கட்டியிருக்கா?"

ரேலீன் கண்ணாடியை இன்னும் அழுத்தித் துடைத்தாள். "இல்லவே இல்ல."

பாலித் தீவுக்குச் சுற்றுலா போனபோது இவளுக்குக் கால் தூண் மாதிரி வீங்கியது. ரத்தக்கட்டி, நுரையீரலுக்கு ஏறினால் ஆள் காலி என்றார் அங்கத்து டாக்டர். நாள் தவறாமல் வயிற்றில் ஊசி போட்டவள் க்ளெனிஸ். ஊர் திரும்பியதும் பௌல்ஸ் கிளப்பில் இவள் சொன்ன கதையில் அது வெறும் சுளுக்காகிவிட்டது. நோய்நொடியெல்லாம் வக்கற்றவர்களுக்கு வருவது, தன் பரம்பரைக்கு வராது என்கிற திமிர்! தூ!

உண்மையைச் சொன்னால், தலைவி இடத்துக்கு அடிபோட்டாள் என்று ஊரே பேசும். ஆசை இல்லாமலா? வண்டி வண்டியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தாலும் போதும், மிச்சத்தை அந்த ரத்தக்கட்டியே பார்த்துக்கொள்ளும். அந்த நினைப்பு வந்ததும் க்ளெனிஸுக்குத் தன் மேலேயே குமட்டியது.

ரேலீன் சும்மா இருந்திருக்கலாம். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

"வேணும்னா இவளைக் கேளுங்க," என்று கட்டைவிரலால் காட்டினாள். "என் வாலைப் பிடிச்சுக்கிட்டே திரியிறவ. என் உடம்பைப் பத்தி எல்லாம் தெரியும். பந்து உருட்டத்தான் தெரியாது."

"நல்லாத் தெரியும்," என்றாள் க்ளெனிஸ். "பாலியில கால்ல ரத்தக்கட்டி வந்துச்சு. நான்தான் ஊசி போட்டேன். சர்க்கரை இருக்கு. ஹார்மோன் மாத்திரை அந்தப் பையில, சிகரெட்டுக்குப் பக்கத்துல கிடக்கு."

நர்ஸ் எழுந்து டாக்டரிடம் போனாள். வந்த டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். ரத்த நோய் நிபுணர் பார்த்துச் சரியென்றால்தான் இனிமேல் கத்தி.

ரேலீன் நொண்டிக்கொண்டே வந்து காரில் ஏறினாள். கதவைச் சாத்தியதும் வெடித்தாள்.

"நல்ல பாம்புடி நீ! என் இடத்துக்குத்தானே அலையிற?"

"ஆமா, ரொம்ப நாளா. நான் ஆடுறப்ப நீ ஓரமா உக்காந்து பாரு. கூடவே உன் உயிரும் மிஞ்சுது, அது இனாம். வேண்டாம்னா சொல்லு, இப்பவே உள்ள போய் நான் சொன்னதெல்லாம் பொய்னு சொல்லிடறேன்."

க்ளெனிஸ் நிஜமாகவே சாவியைத் திருகாமல் காத்திருந்தாள். ரேலீன் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாள். பிறகு தன் காலைப் பார்த்தாள்.

"எனக்கென்ன பயமா?" என்றாள். "ஒரு பயமும் கிடையாது."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.