தேனீக்களுக்குச் சொல்லாத பெயர்

லெட்டியிடமிருந்து கடிதம் வந்து நாற்பத்தொரு நாட்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் என் அக்கா ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. நுரையீரலுக்கு நல்லதென்று அவளைப் பிரான்சின் தென்கரைக்கு அனுப்பியிருப்பதாக அவள் கணவர் ரெயிக்ஸ் எழுதியிருந்தார். விடுதியின் பெயரையும் எழுதியிருந்தார். நான் லீட்ஸ் நகரத் தந்தி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த விடுதிக்குத் தந்தி அடித்தேன். அப்படி யாரும் வரவில்லை என்று பதில் வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்தேன். ரயிலிலும் பிறகு சாமான் வண்டியிலுமாக மேட்டுநிலத்திலிருந்த அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. ரெயிக்ஸ் வேட்டைக்குப் போயிருந்தார். வீட்டுச் சாவிகளுக்குப் பொறுப்பான மிசஸ் பிக்கர்ஸ் கதவைத் திறந்தார்.

"துணைக்கு ஆள் இல்லாமலா வந்தீங்க, மிஸ்?"

"தந்திக் கம்பியில வர முடிஞ்சிருந்தா காலையிலேயே வந்திருப்பேன்."

"தந்தி ஆபீஸ் பொண்ணுங்களுக்கு வாய் நீளம்னு ஐயா சொல்வாரு. சரியாத்தான் இருக்கு."

"என் அக்கா எங்கே, மிசஸ் பிக்கர்ஸ்?"

"ஐயா எழுதலையா?"

"எழுதினார். அந்த ஊர்ல அவ இல்லை."

அவர் தேநீர் ஊற்றினார். நான் குடிக்காமல் மாடிக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை. வடக்குக் கோடியில் ஓர் அறை பூட்டியிருந்தது. கதவின் வெளிப்பக்கம் பூட்டு தொங்கும் புதிய தாழ்ப்பாள் ஒன்று. மரத்தூள்கூட இன்னும் தரையில் கிடந்தது.

பக்கத்து ஜன்னல் வழியே தோட்டம் தெரிந்தது. தேனீ வளர்க்க வைக்கோலால் பின்னிய ஐந்து கூடுகள். ஒவ்வொன்றிலும் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்குச் சொல்லியாக வேண்டும். வீட்டுச் சாவியால் கூட்டை மூன்று முறை தட்டி, செத்தவர் பெயரைச் சொல்லி, கறுப்புத் துணி கட்டுவார்கள். சொல்லாவிட்டால் தேனீக்கள் பறந்துவிடும், இல்லையென்றால் சாகும்.

கீழே இறங்கித் தோட்டத்துக்குப் போனேன். மிசஸ் பிக்கர்ஸ் பின்னாலேயே வந்தார்.

"யாருக்காக இது?"

"ஐயாவோட கிழட்டு நாய் போயிடுச்சு."

"நாய்க்கு யாராவது கறுப்பு கட்டுவாங்களா? தேனீங்களே சிரிக்கும்."

இரண்டு கூடுகளில் சத்தமே இல்லை. வாசலில் செத்த தேனீக்கள் குவிந்து கிடந்தன.

"தினமும் கூட்டித் தள்றேன், மிஸ். மறுநாள் அதே அளவு கிடக்குது."

"துணியை மட்டும் கட்டிட்டுப் பேரைச் சொல்லாம விட்டுட்டீங்களா?"

அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பற்றிக்கொண்டார். "பைபிள்மேல கை வச்சு சத்தியம் வாங்கிட்டாரு. எந்த மனுஷன்கிட்டயும் வாய் திறக்கமாட்டேன்னு."

"தேனீ மனுஷனா?"

"இல்லதான். நாலு தடவை வந்து நின்னேன். நாக்கு எழும்பல."

அக்டோபர் மழையில் வைக்கோல் ஊறினால் உள்ளே தேனீ சாகும். அது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

"என்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம். நான் திரும்பி நின்னுக்கறேன். அதுங்ககிட்ட சொல்லுங்க. மிச்சம் மூணு கூடாவது பிழைக்கட்டும்."

திரும்பி நின்றேன். எதிரே சுவர், அதற்கப்பால் மேட்டுநிலம். முதுகுக்குப் பின்னால் அவர் கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேடிப் பிரிப்பது கேட்டது. வெகுநேரம் பிடித்தது. பிறகு மூன்று தட்டல்கள்.

"தேனீங்களா, உங்க எஜமானியம்மா லெட்டி செத்துட்டாங்க. வீட்டை விட்டுப் போறேன்னாங்க, ஐயா வடக்கு அறையில வச்சுப் பூட்டச் சொன்னாரு. காய்ச்சலோட ஆறு நாள் கதவைத் தட்டினாங்க. அந்த அறையோட இந்தச் சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு."