எட்டடிக் கறுப்பு

கரண்ட் போனதும் பம்ப் நின்றது. அதன் பிறகுதான் ஸ்ரீவித்யாவுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக். தரையில் எதையோ இழுக்கும் சத்தம்.

ஃபில்டர் துணியைக் கழற்றிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். கையிலிருந்த ஸ்பேனரை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.

அந்த அறைக்கு ஒரே வாசல். அதிலிருந்து எட்டடி தூரத்துக்குச் சுவரோடு சுவராகத் தரை முழுக்கக் கரித்தூள். வாசலில் பாஞ்சாலி மரப்பலகையால் அதைத் துழாவிக்கொண்டிருந்தாள், நெல் காயப் போடுகிறவளைப் போலவே.

"டிரம்முல நசநசன்னு ஈரமா கீது மேடம். பூசணம் பூத்துடும்னு காயப் போட்டுக்கினு கீறேன்."

பாஞ்சாலி மாகறல்காரி. இருபது வருஷம் கழனி வேலை. உத்திரமேரூர் சாலையோரத்து மருந்து ஃபேக்டரிக்கு வந்து பதினாறு நாள்தான் ஆகிறது. ஈரமான எதையும் பரப்பிவிடுவது அவள் கைக்குப் பழக்கம். 'எப்போதும் ஈரமாக வைக்கவும்' என்று டிரம்மின் மேல் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. ஒட்டியவள் கெமிஸ்ட் ஸ்ரீவித்யா.

அது வெறும் கரி அல்ல. தேங்காய் ஓட்டுக் கரியின் நுண்ணிய துளைகளில் பல்லேடியம் என்ற உலோகத்தின் நானோ துகள்கள் உட்கார்ந்திருந்தன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகிவிடாமல் கரி தனித்தனியே பிடித்து வைத்திருந்தது. அதனால்தான் மருந்துக்கான வேதிவினையை அலுக்காமல் முடுக்கிவிடும். ஆபத்தும் அதனால்தான். வினைக்குச் செலுத்திய ஹைட்ரஜன், வேலை முடிந்த துகள்களில் ஒட்டியிருக்கும். ஈரம் போய்க் காற்றுப் பட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம்.

ஸ்ரீவித்யாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு டிரம் மெத்தனால். பெட்ரோல் மாதிரி எரியும். ஒன்று திறந்திருந்தது. மூடியை எடுத்து வைத்து அழுத்தினாள். ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேனும் நின்றிருந்ததால் வாடை ஏற்கெனவே அறையில் தேங்கியிருந்தது.

கரண்ட் வந்தாலும் மோசம்தான். ஃபேன் வாசல் வழியாகக் காற்றை இழுக்கும். தூள் நிமிஷத்தில் காய்ந்துவிடும். ஃபேன் ஓடாமல் அணைத்து வைக்கலாமென்றால், மெயின் ஸ்விட்ச் அறையின் சாவியோடு சூப்பர்வைசர் மோகன் சாப்பிடப் போயிருந்தார்.

"பாஞ்சாலிக்கா, பலகையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாடி போங்க. அது காஞ்சா தானா தீப்பிடிக்கும். மிதிச்சாலும் பிடிக்கும். என்னால வெளிய வர முடியாது."

பாஞ்சாலி சிரிக்கப் பார்த்தாள். மேடத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். உடனே ஹோஸ் பைப்பை நோக்கி ஓடியவளை ஸ்ரீவித்யா தடுத்தாள். தண்ணீர் வேகமாக அடித்தால் தூள் பறக்கும், பறந்தால் இன்னும் சீக்கிரம் பற்றும் என்றாள்.

"அப்போ இன்னாதான் பண்றது? நீ உள்ளயே கீறதா?"

மேடம் போய் 'நீ' வந்துவிட்டது. ஸ்ரீவித்யா சுற்றிலும் பார்த்தாள். ஜன்னலில் கம்பி. எட்டடியை ஒரே தாவலில் தாண்ட முடியாது.

பாஞ்சாலி ஷெட்டின் பின்பக்கம் மறைந்தாள். ஓடிவிட்டாள் என்றே ஸ்ரீவித்யா நினைத்தாள். சுவரோரத்தில் தூள் காய்ந்து வெளுக்க ஆரம்பித்திருந்தது.

திரும்பி வந்தவள் தோளில், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிய கோணிகள், சொட்டச் சொட்ட. விதை நெல்லை முளை கட்ட இப்படித்தான் மூடுவோம் என்று முணுமுணுத்தபடி, முதல் கோணியைப் பாய் மாதிரிச் சுருட்டி வாசலில் வைத்து விரலால் தள்ளித் தள்ளி விரித்தாள். தூள் எழும்பவில்லை. அதன் மேல் முட்டி போட்டு அடுத்ததை விரித்தாள்.

மூன்றாவது விரியும்போது இடது சுவரோரம் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. பீடி நுனி அளவு. பாஞ்சாலி அதைப் பார்க்கவில்லை. ஸ்ரீவித்யா சொல்லவும் இல்லை. சொன்னால் பதறி எழுவாள்; கோணி புரண்டுவிடும்.

நான்காவது கோணி ஸ்ரீவித்யாவின் ஷூவைத் தொட்டது. பாஞ்சாலி பின்னாலேயே தவழ்ந்து வெளியேறினாள்.

"காலத் தேய்க்காத. எடுத்து எடுத்து வெச்சி வா பாப்பா."

ஒரு கோணி தாண்டினாள். இரண்டாவதில் கால் வைத்தபோது டியூப்லைட் மினுக்கியது. ஃபேன் உறுமியது. வெளிக்காற்று முகத்தில் மோத, சுவரோரச் சிவப்பு உள்ளங்கை அளவுக்கு விரிந்தது.

ஓடினால் கோணி நழுவும். ஓடவில்லை. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தாள். மணிக்கட்டை ஒரு ஈரக் கை பிடித்து இழுத்தது.

வெளியே வெயில். கேட்டுக்கு ஓடிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பாஞ்சாலி மிச்சமிருந்த கோணியோடு உள்ளே குனிந்து, அதைச் சிவப்பின் மேல் சரித்திருந்தாள். உஸ்ஸென்று புகை கிளம்பி அடங்கியது.

"இன்னும் பாதித் தரை கீது," என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

ஸ்ரீவித்யா காலிக் கோணி ஒன்றை எடுத்துத் தொட்டியில் முக்கினாள்.